அண்ணைக்கு எந்த வரிசை

ஹோர்சன்ஸ்
25 ஜூன் 2009

மடு மாதாவே, எழுதுகிற கையைப் பிடித்துக்கொள்.

அன்புத் தம்பி டானியலுக்கு,

நீ போன் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் கத்துவோம், பிள்ளைகளுக்குக் கேட்கும். அதனால் தபாலில் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் ஒருவரும் குறுக்கே கதைக்க ஏலாது.

சனிக்கிழமை கோயிலில் நீ செய்ததை நான் இன்னும் விழுங்கவில்லை. அல்போர்க்கிலிருந்து ரெயில் ஏறி வந்தவன், பீடத்துக்கு முன்னால் எங்கள் நீக்கிலாஸ் அண்ணையின் படத்தையும் மெழுகுதிரியையும் கண்டதும் அப்படியே திரும்பி வெளியே போனாய். பூசை முடியும்வரை மழையில் நின்றாய். பிறகு சனம் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் வந்து, "உயிரோட இருக்கிற மனிசனுக்கு முப்பத்தோராம் நாள் செய்யிறியளோ? ஒரு மெஷின்கூட இப்பிடிச் செய்யாது!" என்று கத்தினாய். உன் அத்தான் தேத்தண்ணீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

உயிரோடு இருக்கிறார் என்று உனக்கு யார் சொன்னது? பெரிய வியாழனன்று அண்ணை என்னோடு கதைத்தார். மேரிகிறேஸ் மச்சாளும் பிள்ளையும் பங்கருக்குள் இருக்கிறார்கள், தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்றார். அதோடு சரி. வைகாசியில் சண்டை எல்லாம் முடிந்தது என்றார்கள். மச்சாளும் பிள்ளையும் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணை வரவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, எந்த முகாமிலும் இல்லை.

நான் கணக்கை முடிக்காமல் படுக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். யோசித்துத்தான் செய்தேன். அவர் உயிரோடு இருந்தால் அந்தப் பூசையால் ஒரு நட்டமும் இல்லை. இல்லையென்றால், செபிக்க ஆள் இல்லாமல் ஓர் ஆத்துமம் காத்திருக்கக் கூடாது. இதில் என்ன பிழை?

மெஷின்கூடச் செய்யாது என்றாயே, உன் மெஷின் என்னதான் செய்யும்? என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டபோதெல்லாம், "சொன்னா விளங்காதக்கா" என்றாய். டெனிஷ் மொழியை நான் கடை விளம்பரத் தாள்களிலிருந்து படித்தேன். என் மகள் றெஜினாவின் பள்ளிக்கூடக் கணக்கை அவள் நித்திரையான பிறகு அவளுடைய புத்தகத்திலேயே படித்தேன். எழுது. விளங்காவிட்டால் அது என் குறை.

கோபத்தோடும் செபத்தோடும்,
அக்கா செலீனா

*

அல்போர்க்
4 ஜூலை 2009

அக்காவுக்கு,

கத்தியதற்கு மன்னியுங்கள். சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கேட்டபடியால் எழுதுகிறேன். எங்கள் கம்பனி செய்கிற கம்பியூட்டர்ப் பெட்டிக்குள் மூளையாக ஒரு புரொசெசர் இல்லை, பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக வேலை செய்யக்கூடியது. எல்லாவற்றுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிற புரோகிராம் ஒன்று அடியில் ஓடும். அதற்குக் கேர்னல் என்று பெயர். நான் கேர்னலில் வேலை செய்கிறேன்.

கேர்னலுக்கு எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்: இப்போது யார் யார் இருக்கிறார்கள்? அதற்கு அது பெயர் எழுதி வைப்பதில்லை. ஒரு வரிசை இடங்கள் வைத்திருக்கும். முதலாவது இடம் முதலாவது புரொசெசருக்கு, இரண்டாவது இடம் இரண்டாவதற்கு. இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். எட்டுப் புரொசெசர் என்றால் எட்டு இடம். அந்த எட்டும் சேர்ந்து கம்பியூட்டருக்கு ஒரேயொரு எண். இந்த வரிசைக்குப் பிட்மாஸ்க் என்று பெயர்.

இனித்தான் விஷயம். ஒரு வரிசை போதாது. கேர்னல் நான்கு வைத்திருக்கிறது.

முதலாவது, இருக்கக்கூடியவர்கள். இந்தப் பெட்டியில் என்றைக்காவது வரக்கூடிய புரொசெசர்கள் எல்லாம். பெட்டி எழும்பும்போது ஒரு தரம் எழுதினால் பிறகு மாற்றுவதில்லை. அடுத்தது, இப்போது பெட்டியில் பொருத்தப்பட்டிருப்பவர்கள். அதற்கடுத்தது, விழித்திருப்பவர்கள். கடைசி, புது வேலை ஏற்கிறவர்கள். ஒருவர் பொருத்தப்பட்டிருந்தும் தூங்கலாம். விழித்திருந்தும், "இனி எனக்கு வேலை தராதே" என்று சொல்லியிருக்கலாம்.

உங்களிடம் ஒரே வரிசைதான் இருக்கிறது, அக்கா. பதில் வரவில்லையா, பூச்சியம். பதில் வராதவன் தூங்குகிறானா, கழற்றப்பட்டானா என்று தெரியாமல் அவனுடைய இடத்தையே அழிக்கிற மெஷின் உலகத்தில் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

அண்ணை வராமல் என் கலியாணமும் இல்லை. கிளோறியாவிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைத் தோழனாக அவர் நிற்பார் என்று நான் படிக்கிற காலத்திலேயே எனக்கு வாக்குத் தந்தவர்.

டானியல்

*

ஹோர்சன்ஸ்
13 ஜூலை 2009

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்றாம் முறை குசினியில் வைத்து வாசித்தபோது விளங்கியது.

குளிர்பெட்டிக் கதவில் நான் மாட்டியிருக்கிற குடும்பக் காலண்டரை நீ கண்டிருப்பாய். இந்த நாட்டு வீடுகள் எல்லாவற்றிலும் தொங்குவதுதான்: ஆளுக்கொரு நிரல், நாளுக்கொரு வரி. காலையில் உலை வைக்க முன்னர், இன்றைக்கு யார் வீட்டில் என்று கோடு போடுவேன். அத்தானுக்கு இரவு வேலை என்றால் கோடு இல்லை. அதற்குக் கீழே, யார் இன்றைக்குச் சோறு தின்பார்கள் என்று இன்னொரு தரம் கோடு போடுவேன். வெள்ளிக்கிழமை நான் ஒருசந்தி நோன்பு. றெஜினா ஒரு கிழமை சோறே வேண்டாம் என்பாள், அடுத்த கிழமை சட்டியை வழிப்பாள். இரண்டு வரியிலும் கோடு உள்ளவர்களுக்கு மட்டும் அரிசி அளப்பேன். நீ எங்களோடு இருந்து படித்த காலத்தில் ஒரு நாளாவது சோறு மிஞ்சிக் கொட்டினேனா?

அப்போ உன் கேர்னலும் இரண்டு வரிசையை மேலும் கீழுமாக வைத்து, இரண்டிலும் ஒன்று உள்ள இடத்தைத்தான் பார்க்குமா? ஓமென்றால், நான் இத்தனை வருடமாகச் செய்கிறதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சந்தோஷம். இல்லையென்றால் திருத்தி எழுது.

ஆனால் தம்பி, கோயில் மெஷின் இல்லை. பாதரின் புத்தகத்தில் இரண்டு பக்கம்தான்: உயிரோடு இருப்பவர்களுக்கான கருத்து, மரித்தவர்களுக்கான கருத்து. இரண்டில் ஒன்றில்தான் நான் பெயர் கொடுக்க முடியும். ஏப்ரல் முழுவதும் முதற்பக்கத்தில் கொடுத்தேன். வைகாசியிலும் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும், "நீக்கிலாஸின் நலனுக்காக" என்று பாதர் வாசிக்கும்போது, அண்ணை எங்கேயோ வெயிலில் மூடுவாரில்லாமல் கிடக்க நான் நலம் கேட்கிறேனோ என்று நெஞ்சு பதறியது. நீ அல்போர்க்கில் கோயிலுக்குப் போவதில்லை. உனக்கு அந்தப் பதற்றம் இல்லை.

கிளோறியாவின் அம்மா விபோர்க்கிலிருந்து போன் எடுத்திருந்தா. மண்டபத்துக்கு முற்பணம் கொடுத்துப் பிடித்து வைத்த நாள் கைவிட்டுப் போய்விட்டதாம். "உங்கட தம்பி கலியாணத்தைத் தள்ளி வைக்கிறாரோ, பொம்பிளையைத் தள்ளி வைக்கிறாரோ?" என்று கேட்டா. நான் என்ன சொல்ல?

செபத்தில் உன்னை முதற்பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.
அக்கா

*

அல்போர்க்
22 ஜூலை 2009

அக்கா,

ஓம், அப்படித்தான் பார்க்கும். நீங்கள் செய்கிறது சரி. இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நேற்று மன்னாரிலிருந்து இராசரத்தினம் மாமா போன் எடுத்தார். முகாமுக்குப் போய், முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மச்சாளோடு கதைத்திருக்கிறார். இங்கே பூசைக்கு வந்த ஒருவர் தன் ஊருக்குச் சொல்ல, அங்கிருந்து அது முகாமுக்குப் போய்விட்டது: "டென்மார்க்கில முப்பத்தோராம் நாள் முடிஞ்சுதாம்."

மச்சாள் என்ன நினைத்திருக்கிறா தெரியுமா? வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு எல்லாம் தெரியும், செஞ்சிலுவைக்காரர் உங்களுக்கு அறிவித்திருக்கிறார்கள், தன்னிடம் மறைக்கிறார்கள் என்று. முகாமில் காணாமற்போனவர்களைத் தேடுகிற பதிவு ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒரு தரம் போய்க் கேட்பாவாம். போய், "என்ர மனிசன்ர பேரை வெட்டிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டா. வெட்டியும் விட்டார்கள். கழுத்தில் இருந்த தாலியைக் கழற்றிப் பிள்ளையின் உடுப்புப் பைக்குள் வைத்திருக்கிறாவாம்.

அண்ணையைத் தேடிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவ. இப்போது தேடுகிறவர் ஒருவரும் இல்லை.

ஒரு புரொசெசரை நிறுத்தவேண்டி வந்தாலும் கேர்னல் உடனே நிறுத்தாது. முதலில், புது வேலை ஏற்கிறவர்கள் வரிசையில் இருந்து மட்டும் அதை எடுக்கும். பிறகு அதன் தலையில் இருக்கிற வேலைகளை ஒவ்வொன்றாக மற்றவர்களுக்கு மாற்றும். அதில் தொங்கிக்கொண்டு ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான் விழித்திருப்பவர்கள் வரிசையில் பூச்சியம் போடும். அப்போதும் மற்ற இரண்டு வரிசையிலும் அதன் ஒன்று ஒன்றாகவே இருக்கும்.

நீங்கள் ஒரு மெழுகுதிரி கொளுத்தி நான்கையும் ஒரே அடியாக அழித்தீர்கள். ஒரு நட்டமும் இல்லை என்று எழுதினீர்களே.

டானியல்

*

ஹோர்சன்ஸ்
9 ஆகஸ்ட் 2009

தம்பி,

உன் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. பிள்ளைகள் பாணும் பட்டரும் தின்றார்கள்.

நான் இரண்டு தட்டு வைத்து நிறுத்துப் பார்த்தேன்: ஒன்றில் அண்ணையின் ஆத்துமம், மற்றதில் என் நெஞ்சு. மச்சாளை எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. பூசைக்கு முதல் அவவிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதற்குமேல் இதைப்பற்றி எழுதினால் அது என்னை நானே தடவிக்கொடுக்கிறதாகிவிடும். செய்ததைச் சொல்கிறேன்.

முகாமுக்குப் பூசை வைக்கப் போகிற குருசுமுத்து சுவாமியின் விலாசத்தை மாமாவிடம் வாங்கினேன். மச்சாளுக்கு ஒரு கடிதம் எழுதி, தன் கையாலேயே கொடுத்து, தன் வாயாலேயே வாசித்துக் காட்டும்படி சுவாமியிடம் கேட்டேன். அதில் இவ்வளவுதான்: "எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. ஒருவரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. பூசை வைத்தது நான், என் பயத்தில். உங்களிடம் கேட்காமல் வைத்தேன். அண்ணையின் பெயரைத் திரும்பப் பதியுங்கள்." பாதரிடமும் போனேன். இரண்டாம் பக்கத்திலிருந்து பெயரை எடுக்கச் சொன்னேன். "முதல் பக்கத்தில எழுதட்டா?" என்று கேட்டார். அதுவும் வேண்டாம், எனக்குத் தெரியாது, பாதர் என்றேன். அவர் பக்கத்தின் ஓரத்தில் பெயரை மட்டும் எழுதினார். எந்தப் பக்கம் என்று ஆண்டவருக்குத் தெரியுமாம்.

இனி உன் கணக்கு.

போன சனிக்கிழமை கிளோறியா வந்தாள். தானே பஸ் ஏறி, மழைச்சட்டையோடு. வந்தவள் கதிரையில் இருக்காமல் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

"விடு பிள்ளை, கண் எரியும்."

"எரியட்டும் மச்சாள். அழுதா, வெங்காயம் எண்டு சொல்லலாம்."

"டானியல் என்ன சொல்லுறான்?"

"அண்ணை வரட்டும் எண்டுறார். வீடு எங்க எடுக்கிறது எண்டு கேட்டா, அண்ணை வரட்டும். சோபா என்ன நிறம் எண்டு கேட்டாலும் அண்ணை வரட்டும் எண்டுவார் போல." சிரித்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "மச்சாள், நான் ஒருநாளும் காணாத மனிசன் அவர். அவர் வரவேணும் எண்டு நானும் ஒவ்வொரு நாளும் மன்றாடுறன். ஆனா அவர் வராட்டி, நான் ஆரிட்ட கேட்கிறது?"

நீ எழுதிய நான்கு வரிசைதான் நினைவுக்கு வந்தது. தம்பி, நான் அண்ணையை எல்லா வரிசையிலும் அழித்தேன். நீ எல்லா வரிசையிலும் அவருக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறாய், கடைசி வரிசையிலும். அவருக்கு இன்னும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறாய். தோழனாக நிற்கிற வேலை, வீடு பார்க்கிற வேலை, உனக்காக முடிவெடுக்கிற வேலை. எங்கே இருக்கிறாரோ, என்ன பாடு படுகிறாரோ, அந்த மனிதன் தலையில் உன் கலியாணத்தையும் ஏற்றி வைத்திருக்கிறாய்.

பிழையாக எழுதியிருந்தால் திருத்து.
அக்கா

*

அல்போர்க்
6 செப்டெம்பர் 2009

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் எடுத்தது. முதல் இரண்டு கிழமை கோபம். மூன்றாம் கிழமை ஒரு விஷயம் நடந்தது.

எங்கள் புதுப் பெட்டி பதினாறு புரொசெசர் வரைக்கும் ஏற்கும், ஆனால் பரிசோதனைக்கு எட்டுத்தான் பொருத்தியிருந்தோம். அதில் நான் எழுதிய புரோகிராம் துண்டு ஒன்று, எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பி, எல்லாரும் "ஓம்" என்ற பிறகுதான் மேலே போகும். திங்கட்கிழமை காலை பெட்டி நின்றுவிட்டது. பழுதாகவில்லை. சூடாகத்தான் இருந்தது, விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. ஆனால் ஒரு வேலையும் நகரவில்லை. மூன்று பேர் இரண்டு நாள் தேடினோம். கடைசியில் என் வரியில்தான் பிழை. விழித்திருப்பவர்களின் வரிசையைப் பார்க்கவேண்டிய இடத்தில், இருக்கக்கூடியவர்களின் வரிசையைப் பார்த்திருக்கிறேன். இல்லாத எட்டுப் பேரின் மறுமொழிக்காக, இருக்கிற எட்டுப் பேரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கிற டெனிஷ்காரர் தோளில் தட்டி, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்றார். ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். பெட்டி உடனே எழும்பி ஓடியது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன், அக்கா.

அன்றைக்குப் பின்னேரமே விபோர்க்குக்குப் போனேன். கிளோறியா கதவைத் திறந்துவிட்டு, "அண்ணை வந்திட்டாரோ?" என்று கேட்டாள். நக்கலா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. "இல்லை, நான்தான் வந்தனான்" என்றேன். உள்ளே விட்டாள். சோபா சாம்பல் நிறம்.

கலியாணம் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முதல் நாள், நவம்பர் 28, சனிக்கிழமை. அந்த மண்டபம் போய்விட்டது. விபோர்க்கில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்று கிடைத்தது, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே சோடனை செய்யவேண்டும். தோழனாக நிற்க அத்தானிடம் கேளுங்கள். நானே கேட்டால் அழுதுவிடுவேன், அவரும் அழுவார், பிறகு யார் சமாளிக்கிறது.

நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் முதலில் எழுத மறந்தது. நிறுத்தி வைத்த புரொசெசரைத் திரும்ப எழுப்பலாம். கேர்னல் கூப்பிடும். ஆனால் விழித்திருப்பவர்கள் வரிசையில் அதற்குரிய ஒன்றை வேறு ஒருவரும் போட முடியாது. அதுவே எழும்பி வந்து, தானே தன் இடத்தில் போடவேண்டும்.

உங்கள் தம்பி டானியல்

*

ஹோர்சன்ஸ்
15 நவம்பர் 2009

மடு மாதாவுக்கு நன்றி.

அன்புத் தம்பிக்கு,

நேற்று குருசுமுத்து சுவாமியின் கடிதம் வந்தது. உள்ளே மச்சாளின் கையெழுத்தில் ஒரு துண்டு. அப்படியே எழுதுகிறேன்:

"செலீனா, சுவாமி வாசிச்சுக் காட்டினவர். அண்டு முழுக்க உன்னைத் திட்டினனான். அடுத்த நாள் காலமை போய் வரிசையில நிண்டு அவற்ற பேரைத் திரும்பப் பதிஞ்சனான். 'முதல்ல வெட்டச் சொன்னியள், இப்ப எழுதச் சொல்லுறியள்' எண்டு அவை சிரிச்சினம். சிரிக்கட்டும். தம்பியின்ர கலியாணத்தை நிப்பாட்ட வேண்டாம். இவர் இருந்தா, நிப்பாட்டினதுக்குத்தான் முதல்ல ஏசுவார்."

தாலியைத் திரும்பக் கட்டினாவா என்று எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்காமல் ஒருமுறை விட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டு இன்னொரு பிழை விட மாட்டேன்.

அத்தான் உன் தோழனாக நிற்கச் சம்மதம். சம்மதம் என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போய் ஒரு மணித்தியாலம் சைக்கிளைத் துடைத்தார். சைக்கிள் ஏற்கெனவே துப்புரவாகத்தான் இருந்தது.

உங்கள் புது வீட்டுக்கு ஒரு குடும்பக் காலண்டர் வாங்கியிருக்கிறேன், ஐந்து நிரல். முதலிரண்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். மற்ற மூன்றுக்கும் பெயர் போடவில்லை. அது நீங்கள் இரண்டு பேரும் ஆண்டவரும் பேசி முடிக்கவேண்டிய விஷயம்.

அதே கடையில் எங்களுக்கும் அடுத்த வருடத்துக்கு ஒன்று வாங்கினேன். நாங்கள் நாலு பேர். நீ போன பிறகு ஐந்தாவது நிரலில் நான் மருந்துச்சீட்டும் கூப்பனும் குத்தி வைப்பேன். அவற்றை எடுத்துவிட்டு மேலே அண்ணையின் பெயரை எழுதினேன். றெஜினா பார்த்துவிட்டு டெனிஷில் கேட்டாள், "மாமா இங்க வாறாரா?" தெரியாது என்றேன். "அப்ப அந்தப் பெட்டிகளில என்ன எழுதுவீங்கள்?" ஒன்றும் எழுத மாட்டேன் என்றேன். அவள் பேனைகளை வைக்கிற தகரத்திலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, நூல் கட்டி, அந்த நிரலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

தோழன் வேலையை அத்தானுக்கு மாற்றியாயிற்று. வீடு பார்க்கிறது உனக்கும் கிளோறியாவுக்கும். மச்சாளுக்கும் பிள்ளைக்கும் செய்யவேண்டியது உனக்கும் எனக்கும். அண்ணையின் தலையில் இனி ஒரு வேலையும் இல்லை, தம்பி. இடம் மட்டும் இருக்கிறது.

நாளைக்கு உலை வைக்க முன்னர் நாலு பேருக்குக் கோடு போடுவேன், நாலு பேருக்கு அரிசி அளப்பேன். ஐந்தாவது கோட்டை நான் போட மாட்டேன். அதை அவர் வந்து போடட்டும்.

அக்கா செலீனா